தலைமுழுகுவதற்கு ஸ்பானிஷ் வார்த்தை

சேரன்மகாதேவியில் நான் நடத்திவந்த கணினி மையத்துக்கு ஒருநாள் காலை அவர் வந்தார். நெற்றி நிறையத் திருநீறு, கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை. பேசும்போதெல்லாம் சட்டைப்பையிலிருந்த போனைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

வக்கீல் ஆங்கிலத்தில் எழுதிக்கொடுத்த தாளில் ஒரு சொல்லைக் காட்டினார்.

"டிஸ்ஓன்னா தலைமுழுகுததுதான தம்பி?"

"ஆமா அண்ணாச்சி. இனிமே ஒட்டும் இல்ல உறவும் இல்லன்னு அர்த்தம்."

"அதை ஸ்பானிஷ்ல எழுதணும். எம்பையன் வேலைக்குப் போன நாட்டுல அந்த ஊர்க்காரி ஒருத்தியைக் கெட்டிக்கிட்டான். அவளுக்கும் வெளங்கணும்லா?"

தேடினேன். 'ரெபுதியார்' என்று வந்தது. அவர் வாய்க்குள் இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். முழுச் செய்தியையும் ஸ்பானிஷில் மாற்றி அவர் போனில் ஏற்றிக் கொடுத்தேன். அனுப்பும் பொத்தானுக்கு மேலே விரலைக் கொண்டுபோனவர், எடுத்துவிட்டு மறுபடியும் கொண்டுபோனார்.

"நாளைக்கு அனுப்பலாமே அண்ணாச்சி."

"உம்ம வேலையப் பாரும்!" சீறிக்கொண்டே அழுத்திவிட்டார்.

விறுவிறுவென்று படியிறங்கியவர் தெருவில் நின்றார். பிறகு பைய திரும்பி வந்தார்.

"கடை எத்தனை மணி வரைக்கும் இருக்கும் தம்பி? அந்தப் பிள்ள ஸ்பானிஷ்ல பதில் போட்டா எனக்கு வாசிக்கத் தெரியாதுல்லா."

அன்று மதியச் சாப்பாட்டுக்குக்கூட நான் கடையை அடைக்கவில்லை.