விருந்தாளி வரும் நாள்

கனடாவில் இருக்கும் என் தங்கை மகன் வாரம் ஒரு வீடியோ அனுப்புவான். அந்த நாட்டு அரசாங்கத்தைப் பற்றி நம் தமிழ் ஆட்கள் உட்கார்ந்து விவாதிப்பது. எனக்குப் பாதி விளங்காது. பதில் எழுதக் கூச்சப்பட்டு ஒரு கும்பிடு படத்தை அனுப்பிவிடுவேன். போன வாரம் வந்ததில் ஒருவர், ஆபத்தான வேலையைச் செய்ய மாட்டேன் என்று சொல்லும் உரிமையை அங்கே சட்டமே கொடுத்திருக்கிறது என்றார். தற்காலிக அனுமதியில் வந்தவன் அப்படிச் சொல்லிவிட்டு அங்கே இருந்துவிட முடியுமா என்று மற்றவர் மடக்கினார். அந்த நேரம் பக்கத்து வீட்டுச் செல்வி தண்ணீர் பிடிக்க வந்தாள். பட்டாசுக் கம்பெனியிலிருந்து நேராக வந்திருந்தாள். சேலைக்கு மேல் மாட்டியிருந்த சட்டையில் கந்தக வாடை.

அந்த வாடைக்கு எனக்கு ஒரு வேப்பமரம்தான் ஞாபகம் வரும். சிரிக்காதீர்கள். நாரணாபுரம் பக்கம் அதே கம்பெனியில், செல்வியின் அம்மா பேச்சியக்காவோடு ஒரே அறையில் மருந்து அடைத்தவன் நான். அறைக்கு நாலு பேர் என்று சுவரில் பெயிண்டில் எழுதியிருக்கும். சீசனில் பத்துப் பேர் தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்திருப்போம். சோதனைக்கு அதிகாரிகள் ஜீப் வருகிறது என்று தெரிந்தால் போர்மேன், “விருந்தாளி வாராக, எந்திரிங்க” என்பார். நாலு பேர் போக மற்றவர்கள் தூக்குச்சட்டியோடு வேலிக்குப் பின்னால் அந்த வேப்பமரத்தடிக்கு ஓடுவோம். எங்களுக்கு அது கொண்டாட்டம்.

“அரசாங்கம் வந்தாத்தாம்லே நமக்கு நெழலு” என்று பேச்சியக்கா காலை நீட்டுவாள். விருந்தாளி தினமும் வரவேண்டும் என்று வேண்டிக்கொண்ட ஆள்தான் நானும்.

ஒரு சித்திரை மதியம் ஜீப் போனதும் போர்மேன் கைதட்டிக் கூப்பிட்டார். பேச்சியக்கா மட்டும் எழவில்லை. அந்த வாரம்தான் சாத்தூர்ப் பக்கம் ஒரு கம்பெனி வெடித்து, அவள் சின்னம்மா மகள் செத்துப்போயிருந்தாள்.

“அவுக இருக்கையில நாலு பேருன்னா, போன பெறகும் நாலு பேருதான அண்ணாச்சி?”

அவர் கோபப்படவில்லை. “சரித்தா, நீ நெழல்லயே இரு. நாளைக்கும் இங்கன வரவேண்டாம்” என்றார். நாங்கள் ஒருவர் பின் ஒருவராக உள்ளே போனோம்.  அன்று சுவரில் இருந்த எழுத்தை யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு எந்தக் கம்பெனியும் அவளைச் சேர்க்கவில்லை. வீட்டில் தீப்பெட்டி ஒட்டிப் பிழைத்தாள். மகளைப் பட்டாசுக்கு அனுப்ப மாட்டேன் என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் இறந்த மறுவருஷமே செல்வி வேலைக்குச் சேர்ந்துவிட்டாள்.

விருந்தாளி வந்தால் இப்போதும் மரத்தடிக்குத்தானா என்று செல்வியிடம் கேட்டேன். மரத்தை வெட்டி ஷெட் போட்டு வருஷக்கணக்காச்சாம். கூடுதல் ஆட்களை அதற்குள் விட்டு, சத்தமில்லாமல் வேலையைப் பார்க்கச் சொல்கிறார்களாம். பூட்டிக் கிடக்கும் ஷெட்டைச் சோதனைக்கு வருபவர்கள் யாரும் திறக்கச் சொல்வதில்லையாம்.

“பூட்டு உள்பக்கமா, ஆத்தா?” என்றேன்.

“வெளியதான் மாமா.” குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். “நாளைக்கு விருந்தாளி வாராகளாம்.”