மேலவீதியில் எஃப் 1.8

புது லென்ஸ் வாங்கி மூன்று வாரம் ஆகியிருந்தது. ஐம்பது மில்லிமீட்டர். துளையை எஃப் 1.8 வரை திறக்கலாம். அந்த அளவில் ஒரு முகத்தை எடுத்தால் கண் மட்டும் கூர்மையாக விழும். காது அருகிலேயே மங்கல் தொடங்கிவிடும். பின்னால் இருப்பதெல்லாம் கரைந்துபோகும். தெருப் படத்துக்கு இது பொருந்துமா என்று இணையக் குழுவில் ஒரு வாரம் சண்டை. பொருந்தும் என்பது என் கட்சி. தெருவில் எல்லாம் ஜாஸ்தி. ஒரு முகத்தை அதிலிருந்து பிரித்தெடுப்பதுதான் படம். அப்படி எழுதியும் விட்டேன். எழுதியதை நிரூபிக்கக் கடலூர், சிதம்பரம். 2010 ஜூன், ஒரு வெள்ளிக்கிழமை.

முந்தின நாளே சென்னையிலிருந்து வந்து, மஞ்சக்குப்பத்தில் கல்லூரி நண்பனின் அறையில் தங்கிக்கொண்டேன். காலை ஐந்தரைக்கு ஆட்டோ. முதுநகர் மீன்பிடித் துறைமுகம் அங்கிருந்து சுமார் ஐந்து கிலோமீட்டர், அறுபது ரூபாய். "கேமராவ மூடி வச்சுக்குங்க, அங்க மேல தண்ணி தெளிக்காம யாரும் கூடய எறக்க மாட்டாங்க" என்றார் ஓட்டுநர். உண்மை. ஒரு பழைய துண்டு கொண்டுபோங்கள்.

ஏலம் நடந்துகொண்டிருந்தது. கூடைகளுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணின் முகத்தையே சுற்றிச் சுற்றி எடுத்தேன்.

"என்னயே ஏன்ப்பா புடிக்கிற? மீனப் புடி. என் மூஞ்சிய யாரு ஏலம் கேப்பா?"

பக்கத்துக் கூடைக்காரர் சொன்னார்: "கேட்டாலும் கட்டுப்படி ஆவாதுடி."

வரிசையே சிரித்தது. எடுத்தேன். படத்தில் ஒரே ஒருவர் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தார்.

எட்டு மணிக்கு டீக்கடையில் திரையைப் பார்த்தேன். நாற்பது படங்கள். நல்ல முகங்கள். மீன் இல்லை, படகு இல்லை. கடல் ஒரு சாம்பல் கறை. கொல்லம் என்று சொன்னாலும் நம்பலாம். அப்போது அது குறையாகத் தோன்றவில்லை. பசித்தது.

சிதம்பரத்துக்கு பஸ்கள் நிறைய. நாற்பது கிலோமீட்டர் சொச்சம், ஒன்றேகால் மணி நேரம், பதினைந்து ரூபாய். சன்னல் ஓரம் கிடைத்தது. முதலில் ஆலைகளின் நெடி, பிறகு வயல், பிறகு வெள்ளாற்றுப் பாலம். ஆற்றில் மணல்தான் ஓடியது.

பத்தரைக்கு மேலவீதி. ஒரு மருந்துக் கடையின் தகர நிழலில், நடைபாதையில், தையல் மெஷின். பைகளுக்கு ஜிப் மாற்றித் தருபவர், ஐம்பது வயதிருக்கும், வீதிக்கே அவர் 'பாய்'. ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார். கேட்டேன், தலையசைத்தார். எஃப் 1.8. ஊசியும் இமையும் கூர்மை. மற்றதெல்லாம் பால். வந்த வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

"தம்பி, இந்தப் படத்துல ஒரு காப்பி குடுப்பியா? இன்னிக்கே வேணும்" என்றார்.

தெற்குவீதி ஸ்டூடியோ ஒன்றில் பத்து ரூபாய்க்குப் பிரிண்ட் போட்டு, சாப்பிட்டு, ஒன்றரை மணிக்குக் கொண்டுவந்தேன். பாய் நெடுநேரம் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு. மருந்துக் கட எங்க?"

பின்னணி மங்கினால்தான் முகம் எடுபடும் என்று விளக்கினேன். கொஞ்சம் பெருமையாகவே.

"மூஞ்சி எனக்குத் தெரியும் தம்பி. எடம்தான் வேணும். போர்டு இல்ல, கரண்டு கம்பம் இல்ல. மேகத்துல உக்காந்து தச்ச மாதிரி இருக்கு."

பிறகுதான் விஷயத்தைச் சொன்னார். ஆனித் தேருக்கும் மார்கழித் தேருக்கும் நடைபாதைக் கடைகளை எடுத்துவிட வேண்டும். தேர் போனதும் அவரவர் பழைய இடத்துக்கு வருவார்கள். கோடும் கிடையாது, காகிதமும் கிடையாது. போன மார்கழியில் அப்படித் திரும்பியபோது, பக்கத்துப் பழவண்டி குமார் ஒரு முழம் உள்ளே வந்து நின்றுவிட்டார். பாய் வெயிலுக்குப் போனார். கண் கூசி ஊசியில் நூல் ஏறவில்லை. நடைபாதைக் கடைக்காரர் சங்கத்தில் பேசி நிழலை மீட்க இரண்டு மாதம் ஆயிற்று. அடுத்த முறை சாட்சியோடு வரச் சொல்லிவிட்டார்கள்.

"நான் வண்டியத்தான மாமா தள்ளுனேன், உன்னயவா தள்ளுனேன்?" என்றார் குமார், கொய்யாவை அடுக்கியபடி.

"வண்டி வந்தா நான் எங்க மாப்ள போவேன், தேர் மேலயா?"

அன்று மூன்று மணிக்குள் எல்லாரும் காலி செய்ய வேண்டும். மணி இரண்டு நாற்பது. வீதி முனையில் நகராட்சி லாரி வந்து நின்றுவிட்டது. பாய் ஏற்கெனவே மெஷினின் பெல்ட்டைக் கழற்றியிருந்தார். மறுபடி மாட்டினார். உட்கார்ந்தார். நான் எதிர்ப்பக்கம் பத்து எட்டு எடுத்துவைத்து, துளையை எஃப் 11க்குச் சுருக்கினேன்.

எல்லாம் வந்தது. போர்டின் எழுத்து, கம்பத்தின் எண், தகர நிழலின் விளிம்பு, கொய்யா, குமார். குமார் அவசரமாகத் தலை சீவினார். நான் கண்ணை எடுத்து மீண்டும் வைப்பதற்குள் பழவண்டி ஒரு சாண் முன்னால் வந்திருந்தது.

"மாப்ள, சக்கரம்" என்றார் பாய், தலையைத் திருப்பாமல்.

வண்டி பின்னால் போனது. மூன்று படங்கள் எடுத்தேன். லாரி வந்தது. மூன்று பத்துக்கு அந்த இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது.

மாலையில் பிரிண்ட் போட்டேன். பாய்க்கு ஒன்று, சங்கத்துக்கு ஒன்று. மருந்துக் கடைக்காரர் ஒன்று கேட்டார். குமாரும் கேட்டார்: "எனக்கும் சாட்சி வேணும்ல. அடுத்த தடவ இவரு தள்ளி வந்தா?"

போகிறவர்களுக்கு: துறைமுகத்துக்கு ஆறு மணிக்குள் போய்விடுங்கள், ஏழரைக்குக் கூட்டம் கலைந்துவிடும். சிதம்பரத்தில் தேருக்கு முந்தின வாரம் போனால் வீதி நிரம்பியும் காலியாகியும் கிடைக்கும். மதிய வெயிலில் எஃப் 8, எஃப் 11 தாராளமாகப் போதும். அகன்ற துளையைக் குறை சொல்லவில்லை. முதல் படத்தைப் பாயின் மனைவி வீட்டில் மாட்டிவிட்டாராம், முகம் நன்றாக விழுந்திருக்கிறது என்று. வீட்டுக்கு அது சரி. வீதியில் ஒருவர் யார் என்பதில் பாதி, அவர் எதன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார் என்பது. அதைக் கரைத்துவிட்டுத்தான் ஒரு வாரம் சண்டை போட்டிருக்கிறேன். குழுவில் அப்படியே எழுதிவிட்டேன்.

தேர் முடிந்து நாலாம் நாள் பாய் போன் செய்தார்.

"நெழல்லதான் உக்காந்திருக்கேன் தம்பி. தெக்கு வீதியில ஏழு பேரு இதே மாதிரி படம் கேக்குறாங்க. மார்கழிக்கு முன்னாடி வந்துடு. அந்த மேகம் வேணாம்னு சொல்லச் சொன்னாங்க."