ஐம்பதில் ஒன்று

கீரனூர் பேருந்து நிலையத்துக்கு எதிரே செல்வராணி லேப்டாப் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறாள். பக்கத்துக் கடை என்னுடைய ஜெராக்ஸ் கடை. நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான் என்பதால் அவள் பேசுவதெல்லாம் எனக்கும் கேட்கும். கேட்காதது மாதிரி இருக்க எனக்கு வராது.

பழைய லேப்டாப்புகளில், காசில்லாமல் கிடைக்கும் திறமூல இயங்குதளத்தைப் போட்டுக் கொடுப்பது அவள் தொழில். அதற்கு மேல் ஒரு வேண்டாத வேலையும் வைத்திருந்தாள். வைஃபை, கேமரா என்று ஒவ்வொரு பாகத்தையும் ஓட்ட ஒரு நிரல் வேண்டும், டிரைவர் என்பார்கள். எழுதுகிறவர்கள் உலகத்தின் எந்த மூலையிலோ இருப்பார்கள். எழுதியதை எல்லோருக்கும் வெளியிடுவதற்கு முன்னால், அந்தப் பாகம் வைத்திருப்பவர்கள் போட்டுப் பார்த்துச் சொல்லுங்கள் என்று இணையத்தில் கேட்பார்கள். செல்வராணி போட்டுப் பார்த்துச் சொல்வாள். சம்பளம் கிடையாது. சோதித்தவர் என்று பெயர் போடுவார்கள், அவ்வளவுதான்.

"அந்தப் பேர வச்சு ஒரு டீ குடிக்க முடியுமா?" என்று நான் சீண்டுவேன்.

"ஒங்கள மாதிரி ஒவ்வொரு பக்கத்துக்கும் காசு கேக்க எனக்கு வராதுண்ணே" என்பாள்.

போலந்துக்காரர் ஒருவர், மாரெக் என்று பெயர், வைஃபை டிரைவர் ஒன்றைச் சோதனைக்கு அனுப்பியிருந்தார். ஓடியது. ஆனால் லேப்டாப்பை மூடித் திறந்தால் சில சமயம் வைஃபை காணாமல் போனது. செல்வராணி அதை எழுதவில்லை. நன்றாக இருக்கிறது என்று எழுதி அனுப்பிவிட்டாள்.

விருந்துக்குப் போன வீட்டில் சாப்பாடு எப்படி என்று கேட்டால், குழம்பில் உப்பு கூடிவிட்டது என்று நம்மில் யார் சொல்கிறோம்? சும்மா உழைத்துக் கொடுக்கிற மனிதரின் முகம் வாடக்கூடாது என்று நினைத்திருக்கிறாள். அந்த முகத்தை அவள் பார்த்ததே இல்லை.

டிரைவர் எல்லோருக்கும் போய்விட்டது. செல்வராணியே அதை ரஞ்சிதாவின் லேப்டாப்பிலும் போட்டுக் கொடுத்தாள். ரஞ்சிதா பக்கத்து ஊர். தினமும் பஸ்ஸில் திருச்சிக்குப் போய் பி.காம் முடித்தவள். சென்னைக் கம்பெனி ஒன்று வீடியோவில் நேர்காணல் வைத்தது. முறை வரும்வரை லேப்டாப்பை மூடி வைத்திருக்கிறாள். திறந்தபோது வைஃபை இல்லை. அது திரும்பி வருவதற்குள் அவள் முறை போயே போய்விட்டது.

மறுநாள் செல்வராணி கடையில் உட்கார்ந்து அழுதாள். "நான்தான் எதையோ தப்பா அமுக்கிட்டேன் போலக்கா."



"நீ ஒண்ணும் பண்ணல. தப்பு என்னோடது. தெரிஞ்சேதான் நல்லா இருக்குன்னு எழுதுனேன்" என்றாள் செல்வராணி.

ரஞ்சிதா எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வெள்ளிக்கிழம நாலு மணிக்கு இன்னொரு தடவ கூப்புடுறோம்னு சொல்லியிருக்காங்க. அதுக்குள்ள சரி பண்ணுங்க" என்றாள்.

அன்றைக்கே செல்வராணி மாரெக்குக்கு உண்மையை எழுதினாள். அவர் திருத்தி அனுப்பியது சரிவரவில்லை. அடுத்த திருத்தம் வெள்ளிக்கிழமை காலையில்தான் வந்தது. மதியத்துக்குள் சரி என்று சொன்னால் புதிய பதிப்பில் சேர்த்துவிடலாம் என்றும் எழுதியிருந்தார்.

ரஞ்சிதாவின் லேப்டாப்பிலேயே போட்டுப் பார்த்தார்கள். அவள் மூடித் திறந்தாள், செல்வராணி குறித்துக்கொண்டாள். ஐம்பது முறை. நாற்பத்தொன்பது முறை வைஃபை இருந்தது. ஒரு முறை போனது.

"நல்லா இருக்குன்னே போட்டுருங்கக்கா. அம்பதுல ஒண்ணுதான. பாவம் அந்த மனுசன்" என்றாள் ரஞ்சிதா.

நானும் தடுப்புக்கு மேல் தலையை நீட்டி, "ஆமா, போட்டுரும்மா" என்றேன்.

செல்வராணிக்குக் கோபம் வந்துவிட்டது. "அந்த ஒண்ணு யார் வீட்டுல வரும்னு ஒங்களுக்குத் தெரியுமாண்ணே?"

நான் தலையை உள்ளே இழுத்துக்கொண்டேன்.

இன்னும் சரியாகவில்லை, ஐம்பதில் ஒரு முறை போகிறது என்று எழுதி, அந்த ஒரு முறை லேப்டாப்பில் பதிவான விவரங்களையும் சேர்த்து அனுப்பினாள். ஒரு மணிக்குப் பதில் வந்தது. எனக்கும் படித்துக் காட்டினாள்: 'மிக்க நன்றி. ஒரு வருடமாக இந்த விவரங்களைத்தான் தேடுகிறேன். எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றே எழுதுகிறார்கள்.'

பதிலோடு புதிய திருத்தமும் வந்திருந்தது. இந்த முறை நூறு தடவை மூடித் திறந்தார்கள். ஒன்றுகூடத் தவறவில்லை. செல்வராணி அதை எழுதி அனுப்பினாள். அப்படியும் பயம் விடாமல், கம்பி வழியாக இணையம் வரும் தன் சொந்த லேப்டாப்பை ரஞ்சிதாவிடம் நீட்டினாள்.

"வேணாங்க்கா. நூறு தடவ என் கையாலயே பாத்துட்டேன். இதுலயே பேசுறேன்" என்றாள் ரஞ்சிதா.

நான்கு மணிக்கு நான் ஜெராக்ஸ் மெஷினை நிறுத்திவிட்டேன். அவசரம் என்று வந்த இரண்டு பேரை வாசலிலேயே நிற்க வைத்தேன். நேர்காணல் முப்பத்தைந்து நிமிடம் நடந்தது. ஒரு இடத்திலும் அறுபடவில்லை.

"எப்புடிப் போச்சு?" என்று கேட்டேன்.

"ரெண்டு கேள்விக்குப் பதில் தெரியலண்ணே" என்று சிரித்தாள் ரஞ்சிதா. "தெரியாதுன்னே சொல்லிட்டேன். திங்கக்கிழம வேலைக்கு வரச் சொல்லிட்டாங்க."