இரண்டாவது தட்டு

மெயின் பஜாரில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது போன் அதிர்ந்தது. மனநல மருத்துவர் மேகலா மேடம் காலமானார் என்று எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி. கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். 'ஈடு செய்ய முடியாத இழப்பு' என்று முதலில் எழுதியிருந்தவர் எங்கள் தன்னார்வக் குழுத் தலைவர். எரிச்சலில் டீயைப் பாதியிலேயே வைத்துவிட்டேன். மேடம் இருந்தவரை அவர் பேச்சைக் கேட்காத முதல் ஆள் இவர்தான்!

உங்களில் பலரைப் போல நானும் மேடத்தை யூடியூபில்தான் கண்டுபிடித்தேன். ஒவ்வொரு காணொளிக்கும் முதல் கமெண்ட் என்னுடையதாகத்தான் இருக்கும். நேரில் பழக்கமான பிறகு, இணையத்தில் படித்த நோய்ப் பெயர்களை அவரிடமே அடுக்குவேன். "பேர் வைக்க என்னப்பா அவசரம்? குழந்தையா பொறந்திருக்கு?" என்பார்.

தவமணி அக்கா ஈழத்திலிருந்து வந்து, எங்கள் குழு உதவிசெய்யும் அகதி முகாமில் இருப்பவர். கணவர் போரில் காணாமல் போனவர். தினமும் கணவருக்கென்று ஒரு தட்டில் சோறு வைப்பார். குழு அழைத்துப்போன டாக்டர், "இழப்பை ஏத்துக்கல, பிரமை" என்று சொல்லிவிட்டார். உடனே சேத்தியாத்தோப்பு ஆற்றங்கரையில் திதி கொடுக்க ஏற்பாடு. மறுத்தால் அக்காவை மனநல மருத்துவமனையில் சேர்ப்பது, மகளை விடுதிக்கு அனுப்புவது என்று பேச்சு. அக்கா பேசுவதையும் சாப்பிடுவதையும் நிறுத்திவிட்டார்.

நான் மேடத்தை பைக்கில் முகாமுக்குக் கூட்டிப்போனேன். அங்கே இருந்த தலைவரிடம் மேடம் முதலில் கேட்டது இதுதான்:

"ஆள் காணாமப் போனா அவங்க ஊர்ல என்ன செய்வாங்கன்னு கேட்டீங்களா சார்?"

"நம்ம தமிழங்கதானே மேடம், கேக்க என்ன இருக்கு?" என்றார் தலைவர்.

"தமிழ்லதானே பேசுறாங்க, தமிழ்லயே கேட்டிருக்கலாமே!"

பிறகு மேடம் அக்காவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அதையே கேட்டார். அக்கா வாய் திறந்தார்: "உடம்பைக் காணாமத் திதி குடுத்தா, நானே அவரைச் சாகடிச்ச மாதிரியெல்லே டொக்டர்?"

வாசலில் நின்ற பெண்கள், "எங்கட வீட்டிலயும் தட்டு வைக்கிறனாங்கள்" என்றார்கள்.

சோறு வைப்பது நோயில்லை. ஹெலிகாப்டர் சத்தம் கேட்டால் அக்கா மகளை இழுத்துக்கொண்டு கட்டிலுக்கடியில் பதுங்குவார். நெஞ்சு எரிகிறது என்பார். அதுதான் நோய். அதை யாருமே கேட்கவில்லை! மேடம் அதற்குத்தான் மாதக்கணக்கில் வைத்தியம் பார்த்தார். அன்று சொன்னது இவ்வளவுதான்: "திதி வேணாம். தட்டு இருக்கட்டும். பக்கத்துல உங்களுக்கும் ஒண்ணு வைங்க."

இப்போது இரங்கல் கூட்டத்தில் 'பண்பாட்டுப் புரிதல்' பற்றித் தலைவர் பேசப்போகிறாராம். பேசட்டும். என்னிடம் மேடத்தின் அந்தக் கேள்வி இருக்கிறது.

மேடத்தின் வீட்டுக்குப் போய் உடலைப் பார்த்துவிட்டு வந்து, அக்காவுக்கு போனில் செய்தியைச் சொன்னேன். பிறகு மேடத்தின் கேள்வியையே கேட்டேன். "உங்க ஊர்ல இதுக்கு என்னக்கா செய்வாங்க?"

"நீ உடம்பைப் பாத்தனியோ தம்பி?"

"பாத்தேன்க்கா."

"அப்ப அழு. நீ அழலாம்."