அலமாரிக்குப் பின்னால் இருந்த சுவர்

தெருவில் அவளுக்கு 'ஈரத்துணி' என்று பெயர். எப்போது பார்த்தாலும் நனைத்துப் பிழிந்த ஒரு துணி கையில் இருக்கும். மகளுக்கு மூச்சிழுப்பு வரும்வரை சலவைக் கடையில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவள்தான். பிறகு வேலையை விட்டாள். கணவன் லாரி ஓட்டுபவன், வாரத்தில் பாதி சாலையிலேயே போய்விடும்.

ஆறு வயதுப் பிள்ளையின் நெஞ்சைச் சோதித்த டாக்டரம்மா, மருந்தோடு அவள் படுக்கிற அறையையும் கவனிக்கச் சொன்னார். மெத்தைத் தூசியில் கண்ணுக்குத் தெரியாத பூச்சி இருக்கும். துடைப்பத்தால் கூட்டினால் தூசி எழும்பி மறுபடி படுக்கையில்தான் உட்காரும். ஈரத்துணியால் துடைக்க வேண்டும், அப்போது பிள்ளை உள்ளே இருக்கக் கூடாது என்றார்.

இவள் சொன்னதையும் செய்தாள், சொல்லாததையும் செய்தாள். திரைச்சீலை போயிற்று, கம்பளம் போயிற்று. மெத்தைக்கு ஜிப் வைத்த உறை வந்தது. வாராவாரம் விரிப்புகள் கை பொறுக்காத வெந்நீரில் முங்கின. பூச்சி குளிரில் சாகட்டுமென்று மகளின் பஞ்சுக் கரடியைப் பையில் கட்டி ஃப்ரீசரில் போட்டாள். ஐஸ் எடுக்கப் போன கணவன் அதைப் பார்த்துவிட்டு, "இவன் என்ன தப்பு பண்ணான்?" என்று கேட்டான். வெகுநாளைக்குப் பிறகு அந்த வீட்டில் மூவரும் சிரித்தார்கள்.

ஆனால் இழுப்பு விடவில்லை. ஜன்னலைத் திறந்தால் சாலைப் புழுதி, மூடினால் புழுக்கம். அக்கா தன் வீட்டுக்கு வந்து இரண்டு நாள் இருக்கச் சொன்னாள். அங்கே இருக்கும் பழைய மெத்தைகளை நினைத்து இவள் மறுத்துவிட்டாள். ஒருநாள் பள்ளிவிட்டு வந்த மகள் அறை வாசலிலேயே நின்றாள். "அம்மா, நான் உள்ள வரலாமா?" தன் அறைக்குள் போகப் பிள்ளை அனுமதி கேட்கிறது.

அந்த வாரம் துடைக்க இடம் எதுவும் மிச்சமில்லாமல், கணவனிடம் அலமாரியை நகர்த்தச் சொன்னாள். பின்னால் சுவர் தரையிலிருந்து தோள் உயரத்துக்குக் கறுத்துப் பூசணம் பூத்திருந்தது. நேர் மேலே வீட்டுக்காரம்மாவின் குளியலறை; அதன் குழாய் இந்தச் சுவருக்குள் இறங்கிக் கசிந்தது. மருந்து போட்டுத் துடைத்தால் போகும். சில நாளில் திரும்ப முளைக்கும்.

மேலே போய்ச் சொன்னாள். வீட்டுக்காரம்மா கெட்டவள் அல்ல, உட்காரவைத்துக் காப்பி கொடுத்தாள். "பழைய வீடு, அப்படித்தான் இருக்கும். ஒத்துக்கலேன்னா வேற வீடு பாத்துக்கோம்மா" என்றாள்.

பார்த்தார்கள். பள்ளிக்குப் பக்கத்தில், அவர்கள் கைக்கு எட்டுகிற மாதிரி இருந்தவை இரண்டே. ஒன்றில் இதைவிட ஈரம். இன்னொன்றுக்குக் கீழே மாவு மில்.

கடைசியில் கணவன்தான் வழி சொன்னான். "பாப்பா ஹால்ல படுக்கட்டும். நாம அந்த ரூம்ல படுத்துக்கலாம்." கட்டில் ஹாலுக்கு வந்தது. மாதம் திரும்புவதற்குள் பிள்ளைக்கு இழுப்பு நன்றாகக் குறைந்தது. பள்ளியில் ஓட்டப்பந்தயத்தில் ஓடினாள். கடைசியாக வந்ததைக்கூட ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

மழை தொடங்கியபோது ஈரத்துணிக்கு இருமல் பிடித்தது. விடியற்காலையில் தொடங்கினால் வெயில் ஏறும்வரை விடாது. லாரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த கணவன் சட்டைப் பொத்தானைப் போட்டபடி, "டாக்டர்கிட்ட காட்டு" என்றான்.

"காட்டினா, ரூமை மாத்துன்னுவாங்க. எந்த ரூமுக்கு மாத்துறது?"

அவன் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். மகள் இன்னும் ஹாலில் தூங்கிக்கொண்டிருந்தாள். அறைக் காற்று அந்தப் பக்கம் போய்விடக் கூடாதென்று கதவை இழுத்துச் சாத்தி, கீழே இடுக்கில் துணியைச் சுருட்டி வைத்து அடைத்துவிட்டு, அவள் உள்ளே படுத்துக்கொண்டாள்.