யூரியா வாளியில் சர்பத்

அன்று போர்ட் பிளேரிலிருந்து எங்கள் லாங் ஐலண்டுக்கு போட் வரவில்லை. அதனால் ஐஸும் இல்லை. போதாக்குறைக்குக் கரண்டும் காலையிலேயே போய்விட்டது. வெதுவெதுவென்று சர்பத்தைக் குடித்தா நோன்பு திறப்பது என்று அம்மா புலம்பிக்கொண்டிருந்தபோது, பாக்குத் தோட்டத்துக்கு வாங்கி வைத்த யூரியாவை வைத்தே அதைச் சில்லென்று ஆக்கிக் காட்டுகிறேன் என்றாள் அக்கா.

மாமா விழுந்து விழுந்து சிரித்தார். மெயின்லாண்டுக்குப் போய் கெமிஸ்ட்ரி படிப்பேன் என்று அக்கா அடம்பிடித்துக்கொண்டிருந்தாள். முட்டுக்கட்டை போட்டது அவர்தான்.

"சலோ, சர்பத் சில்லுன்னு இருந்தா நானே உன்னைக் கப்பலேத்தி விடுறேன்!"

அத்தாவும் சரி என்று தலையாட்டிவிட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. எங்கள் வீட்டில் பந்தயம்!

அக்கா தரையில் சாக்பீஸால் கணக்குப் போட்டாள். யூரியா கரையும்போது தண்ணீரின் வெப்பத்தை இழுத்துக்கொள்ளுமாம். அதுதான் என்தால்பி மாற்றமாம். அறுபது கிராம் கரைந்தால் பதினைந்து கிலோஜூல். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு டிகிரி குறைய, நாலு கிலோஜூலுக்குக் கொஞ்சம் மேலே போக வேண்டும். ஐந்து லிட்டருக்கு ஒன்றரைக் கிலோ போட்டால் பதினெட்டு டிகிரி குறையும். இருபத்தைந்து ஏழாகிவிடும்!

யூரியாவைக் கரைத்த வாளிக்குள், இறுக்கி மூடிய சர்பத் தூக்கை இறக்கினோம். நோன்பு என்பதால் யாரும் ருசி பார்க்க முடியாது. பள்ளிக்கூடத்துத் தெர்மாமீட்டர் சொல்வதுதான் தீர்ப்பு. அது பதினெட்டில் நின்றுவிட்டது.

மாமா வாளிக்குள் விரலை விட்டார். "அரே, இதுல குளிக்கலாம்மா. குடிக்க முடியாது."

அக்காவின் முகம் சுண்டிவிட்டது. சட்டென்று எழுந்துபோய்க் குழாய்த் தண்ணீரை அளந்தாள். முப்பத்துநாலு! புத்தகத்தில் தண்ணீர் எப்போதும் இருபத்தைந்து டிகிரி. எங்கள் மொட்டைமாடித் தொட்டிக்கு அது தெரியுமா? குளிர்ந்த தண்ணீர் இறைக்க நான் கிணற்றுக்கு ஓடினேன். வாளித் தண்ணீரையும் மாற்றி, கிணற்றுத் தண்ணீரில் புதிதாக சர்பத் கலந்து, அதன் சூட்டையும் கணக்கில் சேர்த்து, யூரியாவைக் கூட்டிப் போட்டாள் அக்கா. கேட்காமலேயே அடுத்த மூட்டையைப் பிரித்துக் கொடுத்தார் அத்தா.

பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். பேரீச்சம்பழம், பிறகு ஒரு மடக்கு. பல் கூசியது! மாமா குடித்துவிட்டு டம்ளரை மறுபடி நீட்டினார்.

"எங்க அக்கா ஜெயிச்சிட்டா!" என்று கத்திக்கொண்டே போட் வந்து நிற்கும் ஜெட்டி வரை ஓடினேன். போர்ட் பிளேர்க்காரர்களுக்கும் இதைச் சொல்லியாக வேண்டும், நாளைக்காவது போட் வரட்டும் என்று அங்கே நின்று துஆ கேட்டேன். அக்கா எங்களை விட்டுப் போகப்போவதும் அந்த போட்டில்தான் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.