வாடகைக்கு எடுத்த பட்டம்

செந்தூலில் என் அம்மாவின் அடுக்குமாடி வீட்டுச் சுவரில், கறுப்பு அங்கியும் சதுரத் தொப்பியுமாக நான் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன். கையில் இருக்கும் சுருள் வெறும் வெள்ளைக் காகிதம். அந்தப் படம் கண்ணில் பட்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

கணக்கியல் பட்டத்துக்கு அப்போது எனக்கு ஒரே ஒரு செமஸ்டர் பாக்கி. கிள்ளானில் ஓர் அலுவலகத்தில் நான்கு மாதப் பயிற்சி, அவ்வளவுதான். அதற்குள் பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும் அம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. பட்டம் வாங்கிய படம் மாட்டாத சுவர் நம் வீடுகளில் ஒரு சுவரா? பிரிக்பீல்ட்ஸில் ஒரு ஸ்டூடியோவில் அங்கி வாடகைக்குக் கிடைக்கிறது என்று யாரிடமோ கேட்டு வந்து, என்னை இழுத்துக்கொண்டு போனார்.

"இன்னும் முடிக்கலையேம்மா."

"நாலு மாசம்தானே லா. எப்படியும் முடிக்கத்தானே போறே. சிரி."

சிரித்துத் தொலைத்தேன். அவரை மட்டும் திட்டி என்ன பயன், பல் என்னுடையதுதானே.

வந்தவர்கள் முதலில் பார்த்தது படத்தைத்தான். மருமகள் டிகிரி ஹோல்டர் என்று மாமியார் ஊரெல்லாம் சொல்லிவிட்டார். கல்யாணப் பத்திரிகையில் என் பெயருக்குப் பக்கத்தில் பட்டமும் ஏறியது.

பயிற்சியில் சேர வேண்டிய வாரம் அம்மா என் காதோடு சொன்னார்: "இப்பப் போயி காலேஜுன்னா அவங்க என்ன நெனைப்பாங்க? குட்டு ஒடைஞ்சிடும். கல்யாணம் முடியட்டும்."

கல்யாணம் முடிந்தது. ஏற்கெனவே படித்து முடித்தவள் என்னவென்று சொல்லிக்கொண்டு படிக்கப் போவது? கல்லூரியிலிருந்து இரண்டு கடிதம் அம்மா வீட்டுக்கு வந்தது. இரண்டையும் நானே கிழித்துப் போட்டேன். கெடு தாண்டியதும் என் பெயரை நீக்கிவிட்டார்கள். படிப்பை விட்ட பிள்ளைகளைப் பற்றிப் பேசும்போது வசதியில்லை, மண்டையில் ஏறவில்லை என்பார்கள். எனக்கு வசதியும் இருந்தது, பாடமும் ஏறியது.

போன மாதம் பொறுக்க முடியாமல் கணவரிடம் சொல்லிவிட்டேன்.

"ஏங்க, நான் டிகிரியே முடிக்கல."

அவர் கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"தெரியும். நிச்சயத்துக்கு முன்னாடியே விசாரிச்சோம். எங்கம்மாதான், விடு, யாரு செர்டிபிகேட் கேக்கப் போறான்னாங்க."

யாருக்குத் தெரிந்துவிடுமோ என்று பயந்து படிப்பை விட்டேனோ, அவர்களுக்கு முதலிலிருந்தே தெரியும். போய் முடித்துவிட்டு வா என்று அந்த வீட்டில் ஒருத்தர்கூட வாயைத் திறக்கவில்லை. சீ.